திசை இன்றைக்கும் வரவில்லை

வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. சாப்பாட்டு மேஜையோடு சேர்த்து வாங்கியது. ஒரு கால் ஆட ஆரம்பித்ததும் மேஜை வேலையிலிருந்து நீக்கி, உட்கார்ந்து ஷூ மாட்டுவதற்கென்று வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். பார்த்தால் பரம சாது. ஆனால் அந்த வீட்டில் அவளைக் கவிழ்ப்பதற்கென்றே கங்கணம் கட்டிக்கொண்டு நின்றது யார் என்று கேட்டால், புருஷனைக் காட்ட முடியாது, மகளைக் காட்ட முடியாது, அந்த நாற்காலியைத்தான் காட்ட வேண்டும்.

வியாழக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு அதில் உட்கார்ந்து, குனிந்து, ஷூ கயிற்றைக் கட்டி, எழுந்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டால் அவளுக்கு வெற்றி. கட்டி முடித்துவிட்டு, “ஒரே ஒரு நிமிஷம்” என்று முதுகைச் சாய்த்தாளோ, போச்சு. கண் திறக்கும்போது மணி ஏழே முக்கால் ஆகியிருக்கும். யாரோ மடியில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போயிருப்பார்கள். போர்த்தியவர்களைத் திட்டவும் முடியாது.

அப்படி என்ன பெரிய அசதி என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் அவள் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கு வந்து நின்று பார்க்கலாம். ஆறு மாடி ஆஸ்பத்திரியின் அத்தனை படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வந்து விழும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் நீட்டிக் கொடுக்க, ஆள் உயர இஸ்திரி உருளை அதை உள்ளே இழுத்து, அந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்கத் துப்பும். துப்புவதை வாங்கி மடிக்கிற பக்கம் அவள். மூலையைப் பிடி, உதறு, பாதியாக்கு, கால்வாசியாக்கு, அடுக்கு. அடுக்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ஒரு நாளைக்கு எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். ஆயிரத்து நூறைத் தாண்டியபோது அழுகை வந்துவிட்டது, அதோடு விட்டுவிட்டாள்.

முன்பெல்லாம் எட்டு மணி நேர வேலை. கூட மடித்தவள் ஓய்வு பெற்றுப் போனாள். அவள் இடத்துக்கு ஆள் வரும், வரும் என்று சூப்பர்வைசர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் வரவில்லை, இரண்டு மணி நேரம்தான் வந்தது. காலை ஆறுக்குப் போனால் சாயங்காலம் நாலு. கையெல்லாம் சூட்டில் காய்ந்து, விரலெல்லாம் பிளீச்சிங் நெடி, காலோ மாலையில் பிசைந்து வைத்த மாவு போல உப்பி நிற்கும். அந்தக் காலைத்தான் மறுபடியும் ஷூவுக்குள் திணித்துக்கொண்டு விளையாடப் போக வேண்டும்.

ஆமாம், விளையாடத்தான். நாற்பத்தாறு வயதில், கல்யாண வயதில் ஒரு மகளை வைத்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் அட்டை விளையாட்டு விளையாடப் போகிறாள் என்றால் சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? நாத்தனார் ஒரு தடவை நேராகவே கேட்டாள். “ஏன் அண்ணி, வீட்ல பொழுது போகலையா?” பொழுது போகவில்லையாம். பொழுது எங்கே போகிறது என்று பிடித்துக் கேட்கக்கூட நேரமில்லாதவளிடம் கேட்கிற கேள்வியா இது.

அது ஆரம்பித்தது ஒரு வலிக் களிம்பில். தோள்பட்டைக்குக் களிம்பு வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். கடைக்காரர் கல்லாவின் மேல் சின்னச் சின்ன மரக் கப்பல்களை வரிசையாக நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். பேரப் பிள்ளைக்கா என்று கேட்டாள். “எனக்குத்தாம்மா,” என்றார் மனிதர் கூச்சமே இல்லாமல். “நாலு பேர் ஆடணும். மூணு பேர்தான் தேறினோம். ஒரு மாசமா பெட்டியைத் திறந்து திறந்து மூடிட்டு இருக்கேன்.” அவள் சிரித்தாள். சிரித்ததோடு நிற்காமல், கடைக்கு மேலே அறையில் விரித்து வைத்திருந்த பலகையைப் பார்க்கப் படியேறினாள். இருபத்திரண்டு படி. இறங்கும்போது மணி எட்டு.

பகடையை உருட்டி, ஏணியில் ஏறி, பாம்பில் சறுக்கிவிட்டு எழுந்து போகிற ஆட்டம் இல்லை அது. ஒரு கப்பல். பன்னிரண்டு தீவுகளுக்கு மருந்து கொண்டு சேர்க்க வேண்டும். போட்டி கிடையாது. கரையேறினால் நாலு பேரும் கரையேறுவார்கள், மூழ்கினால் நாலு பேரும் மூழ்குவார்கள். இயந்திரம் மருந்துக்கடை அண்ணன் பொறுப்பு. சரக்கு, கண்ணாடிக்கடை அக்கா பொறுப்பு. பவர் பார்த்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கிற அறுபது வயது அம்மாள் அவள். தன்னுடைய கண்ணாடியை மட்டும் எப்போதும் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவாள். குடிதண்ணீர், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிற டிரைவர் தம்பி பொறுப்பு. வழி மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. அதை இவளிடம் கொடுத்தார்கள்.

வழி பார்க்கிறவள் கையில் ஒவ்வொரு முறையும் மூன்று சீட்டு கவிழ்ந்தபடி வரும். முதுகில் ஆழ்கடல், கரையோரம், குறுக்குவழி என்று எழுதியிருக்கும். ஆழ்கடல் பத்திரம், ஆனால் தண்ணீர் தீரும். குறுக்குவழி சீக்கிரம், ஆனால் திருப்பினால் பாறை இருக்கலாம். எதைத் திருப்புவது என்பது அவள் முடிவு. இதில் தனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. எந்தெந்தச் சீட்டு ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்பது அவளுக்கு மறக்கவே மறக்காது. பாறை ஒன்பதில் ஆறு போய்விட்டது, இனி பயப்பட வேண்டாம் என்பாள். திருப்பினால் நீலக் கடல்தான் இருக்கும். வருஷக் கணக்கில் விரிப்பு எண்ணின மூளைக்கு அறுபது சீட்டு எந்த மூலைக்கு? மூன்றாவது வாரமே டிரைவர் தம்பி அவளுக்குப் பட்டம் சூட்டிவிட்டான். “திசை அக்கா வந்தாச்சு, இனி கப்பல் கிளம்பலாம்.” அன்றிலிருந்து திசை என்றே பெயர்.

பாதி ஆட்டத்தில் பலகையைக் கலைக்க முடியாது. அடுத்த வாரம் வரை அப்படியே மேஜையில் இருக்கும். தூசி படாமல் மூடுவதற்கு இவள்தான் துணி கொண்டுவந்தாள். கிழிந்த விரிப்புகளைத் துடைக்கிற துணியாக வெட்டிவிடுவார்கள். வெட்டப் போனதில் ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரையும் வார்டு எண்ணும் இன்னும் இருந்தன. கப்பல், தீவு எல்லாம் மேடு மேடாகத் தெரிய, “ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கிற மாதிரியே இருக்கு,” என்று டிரைவர் தம்பி ஒவ்வொரு வாரமும் சொல்வான். ஒவ்வொரு வாரமும் சிரிப்பார்கள்.

அந்த மேஜையில் அவளுக்கு என்ன கிடைத்தது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அங்கேதான் அவளைப் பார்த்து, “நீ என்ன நினைக்கிறே?” என்று கேட்டார்கள். சலவைக்கூடத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. விரிப்பை மடிக்க எண்ணம் எதற்கு? வீட்டில் புருஷன் நல்ல மனுஷன்தான், லிப்ட் பழுது பார்க்கிறவன், குடி கிடையாது, கோபம் கிடையாது. அவன் கேட்கும் கேள்வி, “சாப்பாடு ஆச்சா?” மகள் கேட்கும் கேள்வி, “என் சார்ஜர் எங்கேம்மா?” இரண்டுக்கும் பதில் சொல்ல அவளுக்குத் தெரியும். ஆனால் மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் விரல் எந்தச் சீட்டைத் தொடப் போகிறது என்று காத்திருப்பார்களே, அந்த அரை நிமிஷத்துக்காக அவள் வாரத்தில் ஆறு நாளும் விரிப்பு மடிப்பாள்.

வேலை பத்து மணி நேரமானதும் அதற்கு ஆபத்து வந்தது. முதல் தடவை தவறியபோது ஒரு காலில் ஷூவோடு நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். போனில் ஏழு அழைப்பு. வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த வாரத்திலிருந்து அவள் செய்த ஏற்பாடுகளைப் பார்த்தால் ஏதோ போருக்குப் போகிறாள் என்றே நினைப்பீர்கள். முந்தின நாளே பையைக் கதவுக் கொண்டியில் மாட்டினாள். போனில் மூன்று அலாரம் வைத்தாள். “நான் உட்கார்ந்தா என்னை எழுப்பித் தள்ளிவிடு,” என்று மகளுக்கு உத்தரவு போட்டாள். மகளும் வந்தாள், பார்த்தாள், “பாவமா இருந்துச்சும்மா, எப்படித் தள்றது?” என்று துண்டைப் போர்த்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்கே வராமல் வேலையிலிருந்து நேராகப் போனால் என்ன என்று ஒரு யோசனை. அதையும் செய்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததுதான் வினை. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் விளக்கை அணைத்துவிட்டு நின்றது. “எங்கம்மா போகணும்?” என்றார். கப்பலுக்கு என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

நின்றுகொண்டே ஷூ கட்டப் பழகினாள். சுவரில் சாய்ந்து ஒரு காலைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொண்டது. புருஷன், “எதுக்கு இவ்வளவு பாடு? போகணும்னா போ, முடியலைன்னா விடு. உன்னை யாரு கட்டாயப்படுத்தறா?” என்றான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் கஷ்டமே. கட்டாயம் என்றால் உடம்பு தானாக எழுந்து போகும்; காலை நாலரைக்கு எழுந்து போகவில்லையா? ஆசைக்கு எழுந்திரு என்றால்தான் இந்த உடம்பு காது கேட்காத மாதிரி படுத்துக்கொள்கிறது. இதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “அது உங்களுக்குப் புரியாதுங்க,” என்றாள்.

எட்டாவது தீவு வாரம்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். செய்யும்போது தப்பு மாதிரியே இல்லை, பெருந்தன்மை மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு இன்று எழ முடியாது என்று தெரிந்துவிட்டது. தன்னால் மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். “எனக்காகக் காத்திருக்காதீங்க, ஆடுங்க. என் கையை நீங்களே ஆடிடுங்க. கரையோரத்துல ரெண்டு பாறை தெரிஞ்சா ஆழ்கடல் எடுங்க. தண்ணி மூணுக்குக் கீழே போனா மட்டும் குறுக்குவழி. மத்தபடி அவசரப்படாதீங்க.”

எட்டு மணிக்குப் பதில் வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “எட்டாவது தீவு முடிஞ்சது! எல்லாம் நீ சொன்ன மாதிரியே! திசைன்னா திசைதான்!” அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று தடவை போட்டுக் கேட்டாள். படுத்தபடியே ஒரு தீவு! உடம்புக்கும் ஆசைக்கும் ஒரு சமரசம் கிடைத்துவிட்டதாகவே நினைத்தாள்.

ஒன்பதாவது தீவுக்கும் பதிவு போயிற்று. பத்தாவதை முதல் தடவை ஆடித் தோற்றார்கள், அடுத்த வாரம் ஆடி ஜெயித்தார்கள், இரண்டுக்கும் பதிவுதான். ஒவ்வொரு வாரமும் அவள் ஒன்றிரண்டு புதிய யோசனை சேர்த்துச் சொல்வாள். மருந்துக்கடை அண்ணன் அதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி வைத்தார். ஊர் டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் படித்துப் படித்து நொந்தவர், தான் எழுதினால் மட்டும் அச்சடித்த மாதிரி எழுதுவார். ‘திசை சொன்னவை’ என்று மேலே சிவப்பு மசியில் தலைப்பு. கீழே பதினேழு விதி. அதைப் படம் எடுத்து அவளுக்கே அனுப்பினார். அவள் பெருமையாகப் புருஷனிடம் காட்டினாள். “அப்ப இனிமே நீ போகவே வேண்டாம்போல,” என்றான் அவன். அவன் கிண்டல் பண்ணவில்லை, நிம்மதியாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது.

பதினோராவது தீவு வாரத்தில் அவளிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அவள் பதிவு அனுப்புவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. “நீ நல்லா ரெஸ்ட் எடு அக்கா. அட்டை இருக்கு, பார்த்துக்கறோம்.” எட்டு மணிக்கு, “இன்னைக்கு நீ பிரமாதம்!” என்று இன்னொரு செய்தி. அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பிரமாதமாக ஆடியிருக்கிறாள்! பாராட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தபால் நம் வீட்டுக்கு வந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும்.

பன்னிரண்டாவது தீவுக்கு எப்படியும் போய்விடுவதென்று முடிவெடுத்தாள். உருளைக்கு விரிப்பு கொடுக்கும் பக்கத்துப் பெண்ணிடம் கெஞ்சி, தன் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை மதியத்தோடு வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் தரையில் படுத்தாள். நாற்காலியைத் தூக்கி உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னாள். மகளே குனிந்து ஷூ கட்டிவிட்டாள். ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருபத்திரண்டு படியையும் ஏறி, மூச்சு வாங்க அறை வாசலில் நின்றாள்.

அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். இதைச் சொல்லியே ஆக வேண்டும். யாரும் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடிக்கடை அக்கா எழுந்து வந்து கட்டிப் பிடித்தாள். “ஐயோ, எவ்வளவு இளைச்சுட்டே! ஏன் சிரமப்பட்டு வந்தே?” டிரைவர் தம்பி அவள் நாற்காலியில் இருந்த அட்டையை எடுத்து இடம் கொடுத்தான். ஆம், அவள் உட்காரும் இடத்தில் அந்த அட்டைதான் நிமிர்த்திச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எடுத்தவன் அதைத் தூரப் போடவில்லை. அவளுக்கு எதிரே, தண்ணீர்ச் செம்பில் சாய்த்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினான்.

முத்திரை குத்திய விரிப்பை விலக்கினார்கள். கப்பல் கடைசித் தீவுக்கு மூன்று கட்டம் முன்னால் நின்றது. தண்ணீர் நாலு. அவள் முன்னால் மூன்று சீட்டு. மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எத்தனை வாரமாக ஏங்கிய அரை நிமிஷம்! விரலை நீட்டினாள். குறுக்குவழிக்குப் போயிற்று விரல்.

“குறுக்குவழியா?” என்றார் மருந்துக்கடை அண்ணன். “தண்ணி நாலு இருக்கேம்மா. மூணுக்குக் கீழே போனாத்தானே?”

“திசை அக்கா அப்படிப் பண்ண மாட்டாங்களே,” என்றான் டிரைவர் தம்பி.

“நான்தானேடா திசை!” என்றாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மூன்று ஜோடிக் கண்ணும் அட்டையைப் பார்த்தன.

“உன் இஷ்டம்தான்மா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றாள் கண்ணாடிக்கடை அக்கா, கொஞ்சமும் விஷமில்லாமல். “ஆனா ஏன்னு மட்டும் சொல்லு. ஏழு மாசம் ஓட்டின கப்பல், மனசு அடிச்சுக்குது.”

ஏன்? அவள் வாயைத் திறந்தாள். முன்பெல்லாம் இந்த இடத்தில், பாறை ஒன்பதில் இத்தனை போய்விட்டது என்று எண்ணிக்கை வந்து விழும். இப்போது எத்தனை போயிற்று? எட்டாவது தீவிலிருந்து எந்தச் சீட்டு வந்தது, எது போனது, எதையும் அவள் பார்க்கவில்லை. ஓரத்தில் கழிந்த சீட்டுகள், யாரும் புரட்டக் கூடாதென்று, கட்டாகக் கவிழ்த்து அடுக்கியிருந்தன. அவள் இல்லாத வாரமெல்லாம் அந்தக் கட்டுக்குள் கிடந்தது. அவளிடம் இருந்தது ஒரு தோன்றல் மட்டும். அதுவும் தோன்றலா, தூக்கக் கலக்கமா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. எதிரே பதினேழு விதி, தெளிவான கையெழுத்தில். எல்லாம் அவள் சொன்னதுதான். தண்ணீர் மூன்றுக்குக் கீழே போனால்தான் குறுக்குவழி என்ற நாலாவது விதியை எதற்காகச் சொன்னோம் என்று யோசித்தாள். நினைவு வரவில்லை.

“நீங்க சொல்றதும் சரிதான்,” என்றாள். தன்னோடு தானே வாதாடித் தோற்றவள் வேறு என்ன சொல்வாள்? விரலை இழுத்து ஆழ்கடலைத் திருப்பினாள். அதற்கப்புறம் ஆட்டம் முடியும் வரை அட்டையைப் பார்த்தாள், சீட்டைத் திருப்பினாள். மூலையைப் பிடி, உதறு, மடி.

தண்ணீர் ஒன்று மிச்சம் இருக்க, கப்பல் பன்னிரண்டாவது தீவில் கரை சேர்ந்தது. டிரைவர் தம்பி மேஜையைச் சுற்றி ஆடினான். கண்ணாடிக்கடை அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. “எல்லாம் உன்னாலதான்!” என்று அவளைக் குலுக்கினார்கள். அந்தக் கூச்சலில், முதலில் கைவிட்டு ஓரமாக ஒதுக்கியிருந்த குறுக்குவழிச் சீட்டை அவள் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். பாறை இல்லை. நீலக் கடல். யாரும் பார்ப்பதற்குள் கவிழ்த்து வைத்தாள்.

“அடுத்த வாரம் புது ஆட்டம்,” என்று மருந்துக்கடை அண்ணன் அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்துக் காட்டினார். “காட்டுக்குள்ளே போற ஆட்டம். இதைவிடப் பெரிசு.”

“நான் வந்துடறேன் அண்ணா,” என்றாள் அவள் அவசரமாக.

“முடிஞ்சா வா, முடியலைன்னா உடம்பைப் படுத்தாதே. போன் இருக்கவே இருக்கு,” என்றார். அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு களிம்பும் கையில் வைத்தார். அந்த அன்பைத் தாங்கிக்கொண்டு படியிறங்குவது, ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது. கோபித்துக்கொண்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். வராவிட்டால் ஆட்டம் இல்லை என்று ஒரு தடவை மிரட்டியிருந்தால்கூடப் போதும், உடம்பு பயந்து எழுந்திருக்கும். தங்கமான மனுஷர்கள், அவளைச் சும்மா படுக்க விட்டுவிட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை. கொடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து அவள் பதினோரு நாளாக லீவில்லாமல் மடித்திருந்தாள். நாற்காலி வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது. உள் அறையில் வழியை அடைக்கிறது என்று புருஷன் எடுத்து வைத்துவிட்டான். ஐந்து நாற்பதுக்கு உட்கார்ந்தாள். குனிந்தாள். வலது கால் ஷூ கயிற்றைக் கட்டினாள். இன்றைக்குப் போயே தீர வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. முதல் நாள் விதி சொல்லிக் கொடுப்பார்கள். அதைத் தவறவிட்டால் புது ஆட்டத்தில் அவள் எதையும் எண்ண முடியாது. இடது ஷூவைக் கையில் எடுத்தாள். கால் அதற்குள் நுழைய மறுத்தது. வீக்கம் வடியட்டும், ஒரு நிமிஷம் என்று நினைத்தாள். அவ்வளவுதான் ஞாபகம்.

போன் சத்தத்தில் விழித்தபோது மணி ஆறே கால். நல்ல வேளை, ஆறே கால்தான். இப்போது ஓடினாலும் பாதி ஆட்டத்துக்குப் போய்விடலாம். இடது ஷூ இன்னும் கையிலேயே இருந்தது. வந்திருந்த பதிவைப் போட்டுப் போனைக் காதில் வைத்தாள். டிரைவர் தம்பியின் குரல், பின்னால் சிரிப்பும் நாற்காலி நகரும் சத்தமும்.

“திசை அக்கா, புது ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. செம்மையா இருக்கு! உன் கையில மூணு சீட்டு வந்திருக்கு. சிவப்பு, பச்சை, நீலம். நீ என்ன நினைக்கிறே?”

மறுபடியும் போட்டுக் கேட்டாள். சிவப்பு என்றால் என்ன, பச்சை என்றால் என்ன, காட்டில் எங்கே போகிறார்கள், எதைத் தேடுகிறார்கள், ஒன்றும் தெரியாது. ‘இருங்க, நான் வர்றேன், வராம ஆடாதீங்க’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் மூன்று பேரும் நிச்சயம் காத்திருப்பார்கள். சொல்லிவிட்டு எழ முடியாமல் போனால்? அவள் காலைப் பார்த்தாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“பச்சை,” என்றாள்.

பதில் உடனே வந்தது. முதலில் வெறும் ஆரவாரம், கைதட்டல். அதற்கு மேல் கண்ணாடிக்கடை அக்காவின் குரல். “பார்த்தீங்களா, நான் சொல்லலை? அவ பச்சைதான் சொல்வான்னு! அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

புருஷன் உள்ளிருந்து எட்டிப் பார்த்தான். “இன்னைக்குப் போகலையா?”

“ஆடிட்டுத்தாங்க இருக்கேன்,” என்றாள். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, கொடியிலிருந்து துண்டை எடுத்து வந்து அவள் மடியில் போட்டான்.

போன் மறுபடி ஒலித்தது. “அடுத்தது சொல்லு அக்கா. சிவப்பா, நீலமா?”

அவள் ஒரு காலில் ஷூவோடு, ஒரு கையில் ஷூவோடு உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் மூன்று பேரும் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள்.

“நீலம்,” என்றாள்.